நாலு பல், ஆறு இலக்கம்

மனித குலம் தோன்றிய நாள் முதல் இன்று வரை, எவருக்காகவும் எதற்காகவும் நூலளவுகூட அனுசரித்துப் போகாத ஒரே மனிதர் தாம்தான் என்று துப்பறியும் நிபுணர் கழுகு அறிவித்தார். அறிவித்த இடம், ஒரு குறுகிய மாடிப்படியின் நடுப்பகுதி. மூச்சு வாங்கியதால் அறிவிப்பு இரண்டு தவணைகளில் வெளியானது.

"உண்மைங்கிறது மலை மாதிரி, மாப்ளே. மலை நகராது. ஊர்தான் அதைச் சுத்திப் போகணும். நான் அந்த மலை."

"சரி அத்தான். மலை கொஞ்சம் ஓரமா நகர்ந்தா, பின்னாடி ஒருத்தர் வாளியோட நிக்கிறார், ஏறிடுவார்."

மலை நகர்ந்தது. வாளி ஏறிப் போயிற்று.

பேசியவன் கழுகின் உதவியாளன். அந்தப் பதவிக்கு அவனுடைய ஒரே தகுதி, கழுகின் மனைவிக்கு அவன் தம்பி என்பது. வேறு தகுதி வேண்டுமா என்று கழுகு கேட்டுப் பார்த்ததில்லை. கேட்டால் மனைவி பதில் சொல்வார்.

"வேலை நேரத்துல அத்தான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? பாஸ்னு கூப்பிடு."

"சரி அத்தான்."

மாடியில் ஒரு பல் சிரித்துக்கொண்டிருக்கும் பலகை. அதற்குக் கீழே கதவு. கதவுக்கு வெளியே ஓர் அட்டைப்பெட்டி. 'செல்போன், கைக்கடிகாரம் எதுவானாலும் இதில் போட்டுவிட்டு உள்ளே வரவும்' என்று எழுதியிருந்தது. அது செயற்கைப் பல் செய்யும் பட்டறை. பல்லை அறுக்கும்போது பறக்கும் வெள்ளைத் தூள் எந்தச் சந்துக்குள்ளும் புகுந்துவிடும் என்பதால் இந்தச் சட்டம். இருவரும் போட்டார்கள்.

கதவைத் திறந்த ஓனரம்மாவின் முகம் மலர்ந்தது.

"வாங்க சார், வாங்க! நாலு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டு மூணரைக்கே வந்து நிக்கிறீங்களே! தொழில்ல இவ்ளோ அக்கறையா?"

கழுகு சுவரைப் பார்த்தார். வட்டக் கடிகாரம் மூன்றரை என்றது. அடக்கத்துடன் தலையசைத்து, பாராட்டை மிச்சம் வைக்காமல் வாங்கிக்கொண்டார். மச்சினன் மட்டும், சோற்றில் கல் கடித்தவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டான்.

பட்டறை ஒரே அறைதான். சுவர் நெடுக அலமாரி. அலமாரி நெடுக சுண்ணாம்பில் வார்த்த தாடைகள், ஒரு கூட்டமே நகைச்சுவை கேட்டு உறைந்துவிட்டதைப் போல. ஒரு மூலையில் பல்லை அறுத்துக் கொடுக்கும் இயந்திரம். இன்னொரு மூலையில், அறுத்த பல்லைச் சுட்டு இறுக்கும் சூளை. அது ஒரு சின்ன பீரோ அளவு. அதன் நெற்றியில் சிவப்பு எண்களில் நேரம் ஒளிர்ந்தது. யார் சொன்னாலும் கேட்காது, தன் இஷ்டத்துக்குத்தான் நடக்கும், கோபம் வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்பதால் பட்டறையில் அதற்குப் 'பெரியப்பா' என்று பெயர். பக்கத்தில் தேய்ப்புச் சக்கரத்தின் முன் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் மெருகு என்றார்கள். பல்லுக்கு மெருகேற்றுவது அவர் வேலை.

நடுவில் ஒரு நாற்காலி. அதில் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு ஓர் அம்மையார். பார்த்த முகம். தினமும் மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டிலும் பார்க்கிற முகம்.

"அட, நம்ம செய்தி மேடம்!" என்றான் மச்சினன். "டிவில இடுப்புக்கு மேலதான் பாத்திருக்கேன். கால் எல்லாம் இருக்கு!"

"இவங்களுக்கு முன்னால நாலு பல்லு கட்டுனது, சார்" என்றார் ஓனரம்மா குரலைத் தாழ்த்தி. "வெளிய யாருக்கும் தெரியாது. நேத்து விளம்பர இடைவேளையில பேனா மூடியைப் பல்லால திறந்திருக்காங்க. மூடி திறக்கல. பல்லு வந்திருச்சு."

கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. முன்பல் இல்லாததால் ஒவ்வொரு 'ச'வுக்கும் ஒரு விசில் அடித்தது. ஆனாலும் தொழில் விடவில்லை.

"சற்று முன் கிடைத்த தகவல்படி, எனக்கு இன்னும் பல் வரவில்லை. நான் அஞ்சரைக்குள் இங்கிருந்து கிளம்பாவிட்டால், ஆறு மணிச் செய்தியை வானிலைப் பையன் வாசிப்பான். ஒருமுறை உட்கார்ந்தால் அவன் எழுந்திருக்க மாட்டான். கோட்டை அயர்ன் செய்துவிட்டான் என்று நம்பத்தகுந்த வட்டாரங்கள் கூறுகின்றன."

விஷயம் இதுதான். மேடத்தின் பல்லை அளவெடுத்து வரைந்த படம் முழுவதும் ஓர் இணையக் கணக்கில் இருந்தது. அதைத் திறந்தால்தான் இயந்திரம் அறுக்கும். திறக்கக் கடவுச்சொல் போதாது. கணினியிலேயே இன்னொரு சின்னச் சன்னலில் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை அது மாறும். மாறுவதற்குள் அதையும் தட்ட வேண்டும். நேற்று வரை திறந்தது. இன்று காலையிலிருந்து எந்த எண்ணைத் தட்டினாலும் 'குறியீடு செல்லாது' என்கிறது.

"யாரோ என் கணக்கைத் திருடிட்டாங்க, சார். பல்லு போன விஷயம் வெளிய கசியக் கூடாதுன்னுதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைக் கூப்பிடலையா?" என்றான் மச்சினன்.

"அவர் நாளைக்குத்தான் வருவாராம். இவர் உடனே வர்றேன்னார்."

"எங்களுக்கு வேலை இல்லைங்கிறதை எவ்வளவு நாசூக்கா சொல்றீங்க, அக்கா."

கழுகு கையை உயர்த்தினார். அறை அமைதியானது. பெரியப்பா மட்டும் உறுமினார்.

"எண் திரையில தோணுது. நாம தட்டறதுக்குள்ள செல்லாமப் போகுது. அப்படின்னா? நடுவுல ஒருத்தன் அதைப் பாத்து நமக்கு முன்னாடி தட்டிடறான். எதிர் மாடியிலேர்ந்து தொலைநோக்கி! மாப்ளே, குடை."

கடுகளவு மேகம் இல்லாத பிற்பகலில், அறைக்குள், கணினியின் மேல் குடை விரிக்கப்பட்டது. அதன் கீழே ஓனரம்மாவும் கழுகும் தலையை நுழைத்துக்கொண்டு ஆறு எண்களையும் தட்டினார்கள். செல்லாது. கழுகு குடையைச் சன்னல் பக்கம் சாய்த்தார். செல்லாது. மச்சினன் போய் எதிர் மாடியைப் பார்த்துவிட்டு வந்தான்.

"எதிரி யாரு?"

"ஒரு போர்வை, அத்தான். காயப் போட்டிருக்காங்க. ஈரமாத்தான் இருக்கு, ஆனா உளவு பாக்குற மாதிரி தெரியல."

கழுகு தளரவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துத் திரையை ஆராய்ந்தார். திரையின் கீழ்ப்பாதியில் விரல் கனத்துக்கு வெள்ளைத் தூள் படிந்திருந்தது. ஓனரம்மா துணியை எடுத்தார்.

"துடைக்காதீங்க! அந்தத் தூள்தான் சாட்சி. அதுல குற்றவாளியோட ரேகை இருக்கும்." கழுகின் கண்ணாடி நின்றது. "இருக்கு! பெருவிரல். பருமனான, சோம்பேறித்தனமான, எதையும் தொட்டுப் பாக்கணும்னு அலையற ஒரு ஆளோட பெருவிரல்!"

மச்சினன் கழுகின் பெருவிரலைப் பிடித்து அந்தத் தடத்தின் மேல் வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது.

"குணாதிசயம் எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க" என்றான்.

செய்தி மேடம் கைக்குட்டைக்குள் ஒரு நீண்ட விசில் அடித்தார். அது அழுகையா சிரிப்பா என்று உறுதிப்படுத்த முடியவில்லை.

அப்போது வாசலில் கீழ்த்தளத்துப் பல் மருத்துவமனையின் ஆயா, டீத் தட்டை வைத்தார். "நாலரை டீ! ஆறிப்போச்சுன்னு அப்புறம் என்னைச் சொல்லாதீங்க" என்று கத்திவிட்டு இறங்கிப் போனார்.

ஓனரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நாலாவதற்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"இன்னைக்கு ஊருக்கே என்ன வந்துச்சுன்னு தெரியல. தண்ணி கேன்காரர் சீக்கிரம் வந்தார். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டாங்க. இப்ப டீயும் சீக்கிரம். சாரும் சீக்கிரம்."

மச்சினன் டீயைக் கீழே வைத்தான். அவன் டீயைக் குடிக்காமல் கீழே வைப்பது இதுவே முதல் முறை.

"அத்தான், நீங்க சீக்கிரம் வந்திருக்கீங்க."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அதான் கேஸே. உங்க வாழ்க்கையில நீங்க எதுக்குச் சீக்கிரம் வந்திருக்கீங்க? உங்க கல்யாணத்தன்னைக்கு எங்கக்கா உக்காந்தபடியே தூங்கிட்டா. போன மாசம் ஒரு திருடனைப் பிடிக்கப் போனோம். அவன் தண்டனை முடிஞ்சு வெளிய வந்துட்டிருந்தான்."

"அது போக்குவரத்து நெரிசல்."

"இன்னைக்கு உங்க ஒரு கால் செருப்பைத் தேடவே அரை மணி ஆச்சு. துப்பு துலக்கித் துலக்கி, கடைசியில அது உங்க கால்லயே இருந்துச்சு. அப்புறம் பஸ்ஸை விட்டோம். அப்படி இருந்தும் நாம முன்னாடி வந்திருக்கோம்னா, ஒண்ணு நீங்க திருந்தியிருக்கணும், இல்ல இந்தக் கடிகாரம் தப்பா இருக்கணும். நீங்க திருந்தல. நான் கூடவே இருக்கேன், எனக்குத் தெரியும்."

அவன் வெளியே போய் அட்டைப்பெட்டியிலிருந்து தன் செல்போனை எடுத்து வாசலில் நின்றபடியே காட்டினான். மணி நாலரை.

சுவர்க் கடிகாரம், மூன்று ஐம்பது. கணினி, மூன்று ஐம்பது. பெரியப்பாவின் நெற்றி, மூன்று ஐம்பது.

"மூணு பேரும் ஒரே பொய்யைச் சொல்றாங்க!" கழுகு பரவசமானார். "இது தனி ஆள் வேலை இல்ல. கூட்டுச் சதி!"

"அக்கா, இப்பத் துடைங்க."

ஓனரம்மா திரையைத் துடைத்தார். 'குறியீடு செல்லாது' என்ற வரிக்குக் கீழே, வெள்ளைத் தூளுக்குள் காலையிலிருந்து பதுங்கிக்கொண்டிருந்த இன்னொரு வரி வெளியே வந்தது: 'உங்கள் கணினியின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா எனப் பார்க்கவும்.'

யாரும் கழுகைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் இருந்தது அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

"அந்த ஆறு நம்பர் சும்மா வர்றதில்லக்கா" என்றான் மச்சினன். "இந்தக் கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தைப் பாத்துக் கணக்குப் போட்டு நம்பர் கொடுக்குது. அந்தப் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டரும் தன் கடிகாரத்தைப் பாத்து அதே கணக்கைப் போடுது. ரெண்டும் ஒண்ணா இருந்தா கதவு திறக்கும். நீங்க நாப்பது நிமிஷம் பழைய நம்பரைக் கொடுக்குறீங்க. போன பஸ்ஸோட டிக்கெட்டை வச்சுக்கிட்டு இந்த பஸ்ல ஏறினா கண்டக்டர் விடுவாரா?"

"அப்ப கடிகாரத்தை மாத்தினது யாரு?" என்றார் ஓனரம்மா.

தேய்ப்புச் சக்கரம் நின்றது. மெருகு கையைத் தூக்கினார், வகுப்பில் விடை தெரிந்தவரைப் போல.

"நான்தாங்க்கா. நீங்கதானே சொன்னீங்க."

"நானா?"

"நேத்து ராத்திரி கரெண்ட் போய் வந்துச்சு. பெரியப்பா நாப்பது நிமிஷம் பின்னாடி போயிட்டார். காலையில சுவர்ல ஒரு நேரம், அவர்கிட்ட ஒரு நேரம். குழப்பத்துல ஒரு கடைவாய்ப்பல் கருகிடுச்சு. 'இந்தப் பட்டறையில எல்லாக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டணும், இல்லேன்னா நடக்கிறதே வேற'ன்னு கத்தினீங்க. காட்டுதுல்ல?"

"பெரியப்பாவை மாத்தச் சொன்னா, மத்ததையெல்லாம் மாத்தி வச்சிருக்கீங்களே!"

"பெரியப்பாவை எப்படிக்கா மாத்த முடியும்?" மெருகு நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "அந்தப் பொத்தானைத் தொட்டா எல்லா அளவையும் மறந்துடுவார். கம்பெனி ஆள் வந்தாதான் நினைவு திரும்பும். வீட்ல ஒருத்தர் அப்படி இருந்தா மத்தவங்கதானே அனுசரிச்சுப் போகணும். சுவர்க் கடிகாரம் சொன்னதும் கேட்டுக்கிச்சு. கம்ப்யூட்டர்தான் முரண்டு பிடிச்சது. நான் மாத்த மாத்த அது பழைய நேரத்துக்கே ஓடிச்சு. 'தானாக நேரம் அமை'ன்னு ஒண்ணு இருந்துச்சு, அதை அணைச்சேன். அப்புறம் பொட்டிப்பாம்பா அடங்கிடுச்சு."

கழுகு காத்திருந்த கணம் இதுதான். அவர் அறையின் நடுவுக்கு வந்தார்.

"ஒரு அடுப்புக்குப் பயந்து ஊர் நேரத்தையே மாத்தியிருக்கீங்களே, உங்களுக்கு முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்கா? கடிகாரம்யா அது! சூரியனுக்குக் கட்டுப்பட்டது. அதைப் போய் ஒரு பீரோவுக்குக் கட்டுப்பட வச்சிருக்கீங்க. நாளைக்கு மிக்ஸி கோவிச்சுக்கிட்டா நாட்காட்டியைக் கிழிப்பீங்களா? என் கையால ஒரு கடிகார முள்ளைப் பொய் நேரத்துக்குத் திருப்பினேன்னு வைங்க, அன்னைக்கு நான் இந்தத் தொழிலை விட்டுடறேன்!"

சொல்லிவிட்டு ஸ்டூலின் மேல் ஏறி, மச்சினன் நேரம் சொல்லச் சொல்ல, சுவர்க் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் தாமே திருப்பி வைத்தார். ஒரு சிலையைத் திறந்து வைப்பவரின் முகபாவம் அவருக்கு இருந்தது. ஓனரம்மா கணினியில் 'தானாக நேரம் அமை'யைத் தட்டினார். மூலையிலிருந்த எண்கள் ஒரு குதி குதித்தன. புது ஆறு இலக்கம் வந்தது. தட்டினார்.

திறந்தது. திரை முழுவதும் நான்கு முன்பற்கள்.

கைதட்டல் எழுந்த அதே நொடியில் செய்தி மேடம் சுவரைப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"நாலரையா? இவ்வளவு நேரம் மூன்றே முக்கால் என்று நினைத்து நிம்மதியாக உட்கார்ந்திருந்தேனே! என்னுடைய நாப்பது நிமிடம் எங்கே?"

பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஓனரம்மா கட்டளை கொடுத்தார். இயந்திரம் வெள்ளைக் கட்டியை அறுத்தது. சாக்பீஸ் போல மென்மையாக நாலு பல் வந்தது. மெருகு அதைத் தட்டில் ஏந்தி, பெரியப்பாவின் வயிற்றில் வைத்துக் கதவைச் சாத்தினார். சுட்டு இறுகினால் கீழே டாக்டர் தயாராக நிற்கிறார், ஒட்டி அனுப்பிவிடுவார். தெரு வாசலில் மச்சினன் டாக்சியைப் பிடித்து நிறுத்தியிருந்தான்.

பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு நெற்றியில் காட்டினார்: 'முடியும் நேரம் 4.40.'

சுவரில் மணி நாலு ஐம்பது.

"பத்து நிமிடம் முன்பே முடிந்துவிட்டதே!" மேடம் சூளையின் கதவை நோக்கிப் பாய்ந்தார். மெருகு குறுக்கே விழுந்து தடுத்தார்.

"திறந்தீங்கன்னா வெடிச்சிடும்மா! அது அவரோட நாலு நாப்பது. நம்ம நாலு நாப்பது இல்ல."

"உங்கள் நாலு நாப்பது எப்போது?"

"அஞ்சு இருபது" என்றார் மெருகு.

"அஞ்சு பத்து" என்றார் ஓனரம்மா.

"பொறுங்க." கழுகு கண்ணை மூடிக் கணக்கிட்டார். "நாலு நாப்பதுல நாப்பது போனா நாலு. ஆக, பல்லு நாலு மணிக்கே வெந்திருச்சு. அறுக்கறதுக்கு முன்னாடியே."

"கணக்குல கழிக்கக் கூடாது அத்தான், கூட்டணும்."

"எதோட எதைக் கூட்டறது?"

மேடம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு பேரும் ஐந்து விடை சொன்னார்கள். ஒருமுறை ஓனரம்மாவே குழம்பி, "அஞ்சு நாப்பது" என்றார். மேடத்தின் கையிலிருந்த கைக்குட்டை நழுவிற்று. அதை எடுத்து மறுபடி பொத்திக்கொள்ளக்கூட அவர் முயலவில்லை.

"போதும்" என்றார். விசில் மெலிதாகத்தான் வந்தது. "எத்தனை வருஷம் அந்த நாற்காலி. ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. காய்ச்சலில்கூட வாசித்தேன். நான் போய் அவனிடமே சொல்லிவிடுகிறேன், கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லி." பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

ஓனரம்மாவும் மெருகும் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கம் கெஞ்சினார்கள். "இதோ ஆயிடும்மா." "எப்போ?" "அதான் தெரியலம்மா." மறுபடியும் கூட்டல், மறுபடியும் கழித்தல்.

கழுகு அந்தக் கூட்டத்தில் இல்லை. மச்சினன் திரும்பிப் பார்த்தான். அவர் ஸ்டூலைச் சத்தம் வராமல் தூக்கிச் சுவரோரம் வைத்து ஏறிக்கொண்டிருந்தார். வட்டக் கடிகாரத்தைக் கழற்றினார். முதுகைக் கதவுப் பக்கம் காட்டி மறைத்துக்கொண்டு, பின்பக்கத் திருகியை மெல்லத் திருகினார். ஒரு கண் பெரியப்பாவின் நெற்றியில் இருந்தது. ஐந்து மணி காட்டிய முட்கள் பின்னோக்கி நடந்து நாலு இருபதில் நின்றன. மாட்டினார். இறங்கினார்.

"அத்தான்?"

"பூச்சி" என்றார் கழுகு. "கடிகாரத்துல பூச்சி இருந்துச்சு."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு வாசலுக்குப் போனார். "அம்மா, கணக்கை விடுங்க. அங்க சுவரைப் பாருங்க. பெரிய முள்ளு எட்டைத் தொட்டா பல்லு வந்துடும். அவ்வளவுதான்."

மேடம் பார்த்தார். சற்று முன் ஐந்து காட்டிய கடிகாரத்தில் இப்போது நாலு இருபது. அவர் பார்வை கடிகாரத்திலிருந்து கழுகுக்கு வந்தது, கழுகிலிருந்து ஸ்டூலுக்குப் போனது. கண்ணில் பட்டதையெல்லாம் செய்தியாக்குபவர் அல்ல அவர். பையைக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு யாரும் எதையும் கூட்டவில்லை.

முள் எட்டைத் தொட்டது. பெரியப்பா மணி அடித்தார்.

தட்டு வெளியே வந்தது. ஓனரம்மா தட்டோடு படியில் ஓட, மேடம் பின்னால் ஓட, மச்சினன் டாக்சியைக் கிளப்பச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினான். சற்று நேரத்தில் கீழேயிருந்து ஒரு குரல் மாடிவரை கணீரென்று ஏறி வந்தது, ஒரு விசில்கூட இல்லாமல்.

"சுருக்கமாகச் சொன்னால், சார், சமயத்தில் செய்த உதவி!"

டாக்சியின் கதவு சாத்தப்பட்டது.

மாடியில் மெருகும் கழுகும் மட்டும் இருந்தார்கள். மெருகு தலையைத் தூக்கிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பெரியப்பாவைப் பார்த்தார். இரண்டும் ஒரே நேரம். தன் தோளில் கிடந்த துணியை எடுத்து நீட்டினார்.

கழுகு அதை வாங்கி, விரல் நுனியில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளை, ஒவ்வொரு விரலாக, நிதானமாகத் துடைத்தார்.